அன்று மழை இல்லை

திருப்பூரில் அவரைத் தெரிந்தவர்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை, யார் பேசினாலும் காதுகொடுத்துக் கேட்பார் என்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. காதுகொடுத்துத்தான் கேட்பார். எனக்கு அவர் ஆகாமல் போனதற்குக் காரணமே அதுதான்.

பெயர் எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் நாலு பேரிடம் காட்டிச் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கொடுக்க வேண்டும்.

அவர் கேட்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பேச ஆரம்பித்ததும் தலை இடப்பக்கம் லேசாகச் சாயும். கண் பாதி மூடிக்கொள்ளும். மடிக்காத வெள்ளை முழுக்கைச் சட்டையில் இரண்டு கையையும் மடிமேல் வைத்துக்கொண்டு, சாமி கும்பிட வந்தவர் போல உட்கார்ந்திருப்பார். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். நாம் மூச்சு வாங்க நிறுத்தினால், "அப்பறமுங்க?" என்பார். அதற்கப்புறம் சின்னச் சின்னதாகக் கேள்வி வரும். "அன்னைக்கி வெயிலுங்களா, மோடம் போட்டிருந்துதுங்களா?" "கால்ல செருப்புங்களா, ஷூவுங்களா?" "அங்க என்ன வாங்கித் தின்னீங்க?" கேட்டுக்கொண்டே போவார். கட்டினவன்கூட இப்படிக் கேட்டதில்லையே என்று நமக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும். உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு லேசாக வீட்டுக்குத் திரும்புவோம். லேசாகத்தானே இருக்கும், எல்லாவற்றையும் அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறோமே.

அவருடைய தொழில் சாம்பிள் தைப்பது. வெளிநாட்டு பையர் ஒரு சட்டையை அனுப்பி, இதேபோல் வேண்டும் என்பார். அந்த ஒரிஜினலை வைத்து, துணி, நூல், தையல் எதுவும் மாறாமல் ஒரு நகல் தைத்துக் காட்ட வேண்டும். நகல் தேறினால்தான் ஆர்டர் கைக்கு வரும். இந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். தாராபுரம் ரோட்டில் அவருடைய யூனிட். நான் பையர்களுக்கும் யூனிட்டுகளுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பையிங் ஆபீசில் மெர்ச்சண்டைசர். சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு வாரம் இரண்டுமுறை அங்கே போய் நிற்பது என் பிழைப்பு.

ஒருமுறை ஒரிஜினலையும் நகலையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தனுப்பினார். அளவெடுக்கும்போது கழுத்து லேபிளை வெட்டியிருந்தார்கள். ஆபீஸ் மேஜையில் இரண்டையும் விரித்துப் போட்டுப் பார்த்தோம். தடவிப் பார்த்தோம், உள்பக்கம் திருப்பிப் பார்த்தோம். எது எதுவென்று எனக்கும் தெரியவில்லை, மேனேஜருக்கும் தெரியவில்லை. போன் செய்து கேட்க மேனேஜருக்கு வெட்கம். குத்துமதிப்பாக ஒன்றை அனுப்பி வைத்தோம். அது திரும்பி வந்தது, காலர் சரியில்லை, தோள் இறங்கியிருக்கிறது, தையல் சுமார் என்ற குறிப்போடு. பயந்துபோய் மிச்சமிருந்ததை அனுப்பினோம். இப்போதுதான் எங்கள் சட்டை மாதிரியே இருக்கிறது என்று பாராட்டி ஆர்டர் கொடுத்தார்கள். திரும்பி வந்த சட்டையை அவருடைய யூனிட்டில் காட்டினால், தைத்த டெய்லர் ஒரே பார்வையில், "இது நான் தெச்சதில்லீங்க" என்றுவிட்டார். பையர் குறை சொல்லித் திருப்பி அனுப்பியது அவர்களுடைய சொந்தச் சட்டையை. இந்தக் கதையை வைத்து ஊரே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

யூனிட்டுக்கு மாடியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. ஏசி, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, ரெக்கார்டு பிளேயர், கண்ணாடி அலமாரி நிறைய இசைத்தட்டுகள். அமெரிக்காவிலிருந்து வரும் பையர்களிடம் சட்டைக்கு ஆர்டர் கேட்கிற அதே வாயால் ஜாஸ் ரெக்கார்டும் கேட்டு வாங்கிச் சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஐந்தாறு பேர் அங்கே கூடுவோம். வாரம் ஒருவர் தனக்குப் பிடித்த ஆல்பத்தைக் கொண்டுவர வேண்டும், அதை ஒரு பாட்டு விடாமல் கேட்க வேண்டும், அப்புறம் அது ஏன் பிடிக்கும், முதலில் எங்கே கேட்டோம், நேரில் பார்த்த கச்சேரி ஏதாவது உண்டா என்று பேச வேண்டும். இதுதான் முறை. பனியன் ஊரில் இப்படி ஒரு கூட்டமா என்று வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள். பனியன்காரனுக்குக் காது இல்லை என்று யார் சொன்னது.

முதல் ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீங்கள் பார்த்த கச்சேரி எது என்று நான்தான் அவரைக் கேட்டேன். கையை விரித்தார். "நான் எங்கீங்க கண்ணு போனேன்? ஒரு கச்சேரிக்கும் போனதில்லீங்க. பெங்களூரக்கூடப் பாத்ததில்லீங்க. ஷிப்மென்ட்டு, சனிக்கெழம சம்பளம், கரண்டு போச்சு, ஆளு வர்லன்னே காலம் ஓடிப்போச்சு. நீங்கெல்லாஞ் சொன்னா நான் கேட்டுக்குவனுங்க." சொல்லிவிட்டுப் பிளேட்டில் இருந்த முறுக்கை என் பக்கம் நகர்த்தினார். இவ்வளவு ரெக்கார்டு வைத்திருந்தும் ஒரு கச்சேரி பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

எனக்கும் இருந்தது ஒரே ஒரு கச்சேரிதான். அது என்னுடையதுகூட இல்லை, என் அண்ணனுடையது.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். அங்கே துறைமுகத்தில் கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் கேசட்டுகளை ஒரு கடைக்காரன் குவித்து வைத்திருப்பான். அதில் ஒன்றை அண்ணன் பள்ளிக்கூடம் படிக்கும்போது வாங்கினான். ராக் என்று பெயர்கூடத் தெரியாமல், நாடா தேய்ந்து குரல் இழுக்கும் வரை அதையே கேட்டான். பிழைப்புக்குத் திருப்பூர் வந்து நிட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபோதும் அவன் வாயில் அந்தக் கேசட்டில் உள்ள ஒரு பாட்டின் கிட்டார்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பாடிய இசைக்குழு, ஆட்கள் கிழவர்களான பிறகு பெங்களூருக்கு ஒருமுறை வந்தது. அப்போது எனக்குக் காலேஜ் வயது. அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

மார்ச் மாத வெயில். மைதானம் முழுக்கப் புழுதி. கூட்டத்தில் நெருக்கி நெருக்கி மேடைக்குப் பக்கத்தில் போய்விட்டோம். எந்தப் பாட்டுக்காக அண்ணன் அத்தனை வருஷம் காத்திருந்தானோ அது கடைசிக்கு முந்தின பாட்டு என்று அவனுக்குத் தெரியும். அது வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டி வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. அவன் என் முகத்தைப் பார்த்தான். ஒன்றுமே கேட்காமல் கையைப் பிடித்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்பக்கம் கூட்டிப்போனான். தகரம் அடித்த கக்கூஸ் வரிசை. எனக்கு முன்னால் முப்பது பெண்களாவது இருப்பார்கள். நாங்கள் அங்கே நிற்கும்போதுதான் அந்தக் கிட்டார் ஆரம்பித்தது. தகரத்துக்கு மேலே வெளிச்சம் மட்டும் மாறி மாறித் தெரிந்தது. நான் தேம்பினேன். அண்ணன் என் சிவப்பு ரெக்சின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதன் வாரைத் தந்தி மாதிரி இழுத்துப் பிடித்து, முழு கிட்டாரையும் விரலால் வாசித்தான். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். "ஏட்டி, எதுக்கு அழுத? இங்கன நின்னு கேட்டாலும் அதே பாட்டுத்தானட்டி" என்றான்.

அவன் அதற்கப்புறம் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. கல்யாணம் ஆகி, மகள் ஜெனி பிறந்து, அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது, வேலை செய்த இடத்திலேயே நெஞ்சு வலித்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எனக்குக் குழந்தை இல்லை, கட்டினவனும் நிலைக்கவில்லை. மதினியும் ஜெனியும் நானும் ஒரே வீட்டில் ஆனோம். ஜெனிக்கு அப்பா முகம் போட்டோவில் மட்டும்தான். மற்றதெல்லாம் நான் சொல்லிச் சொல்லித்தான். அதிலும் அந்தப் பெங்களூர்க் கதையை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேட்பாள். பை வாரைப் பிடித்துக்கொண்டு அப்பா மாதிரி வாசித்துக் காட்டுவாள்.

அண்ணன் நினைவுநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று நான் ஆல்பம் கொண்டுபோகும் முறை. அவனுடைய ஆல்பத்தைத்தான் கொண்டுபோனேன். அது முடிந்ததும் இதையெல்லாம் சொன்னேன். தலை இடப்பக்கம் சாய்ந்தது. "அப்பறமுங்க?" பை என்ன நிறம் என்று கேட்டார். வரிசையில் எத்தனை பேர் என்று கேட்டார். அண்ணன் எந்தத் தோளில் பையை மாட்டினான் என்று கேட்டார். "மழ கிழ பேஞ்சுதுங்களா?" என்றார். இல்லை, புழுதி என்றேன். "மழ பேஞ்சிருந்தா நெம்ப நல்லா இருந்திருக்குமுங்க" என்றார். எனக்கு அப்போது அது ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

கூட்டத்தில் இன்னொருவர், நிட்டிங் மெஷினுக்கு ஊசி விற்கும் பாய். அவர் ஜாஸ் கேட்க ஆரம்பித்த கதை எங்களுக்கெல்லாம் பாடம். மெஷின் மாட்ட வந்த ஒரு ஜெர்மன்காரர் பாய் கடையில் ஒரு கேசட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். பாய் போட்டுப் பார்த்தால் ஒரு சாக்சபோன். நாகஸ்வரக்காரர் தாளத்தைத் தொலைத்துவிட்டுத் தெருத் தெருவாகத் தேடுவதுபோல் இருந்ததாம். கல்லாவில் கண்ணயர்ந்திருந்த அவருடைய அத்தா, அதாவது அப்பா, எழுந்து, "யாருடா அழுவறது?" என்று கேட்டாராம். யாரும் இல்லை, மெஷின் என்றாராம் பாய். அழுது முடிக்கட்டும், நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு அத்தா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாராம்.

சில மாதங்கள் கழித்துக் கோயமுத்தூரிலிருந்து ஒரு டாக்டர் புதிதாக வந்தார். உங்களுக்கு ஜாஸ் எப்படிப் பழக்கம் என்று நம்மவரைக் கேட்டார். நம்மவர் மடியில் கையை வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மூலனூரில் அவர்களுடைய முருங்கைத் தோட்டம். மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் கொடுத்த கேசட். அவருடைய அப்பாரு தோட்டத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார். "என்ற அப்பாரு எந்திரிச்சு, யாருடா அழுவறதுன்னாருங்க. பாத்தா அவரு கண்ணுலயும் தண்ணி." டாக்டர் உருகிப்போனார். பாய் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். நான் பாயைப் பார்த்தேன், பாய் முறுக்கைப் பார்த்தார்.

படி இறங்கும்போது பாயைப் பிடித்து நிறுத்தினேன். "உங்க அத்தா கதையை உங்க முன்னாலேயே சொல்றாரு, சும்மா இருக்கீங்களே?"

"விடுங்கம்மா. என்னைவிட நல்லாத்தான் சொல்றாரு. எங்கத்தா கண்ணுல தண்ணி வந்துச்சான்னு நான் பாக்கவே இல்ல பாருங்க."

பாய்க்கு அப்படி ஒரு மனசு. எனக்கு இல்லை. என் அண்ணனும் அந்த மாடியில்தானே இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகவில்லை. சாம்பிள் வேலையையும் வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டேன். வழியில் பார்த்தால் கும்பிடு போடுவார். "ஏனுங்க கண்ணு, வர்றதே இல்லீங்களே" என்பார். கும்பிட்டுவிட்டு நடந்துவிடுவேன்.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். ஜெனி வளர்ந்து காலேஜில் சேர்ந்தாள். போன வருஷம் இங்கிலீஷ் வகுப்பில், தனக்குப் பிடித்த மனிதரைப் பற்றி ஒவ்வொருவரும் மேடையில் பேச வேண்டுமாம். இவள் அப்பாவைப் பற்றிப் பேசினாள். பெங்களூரைத்தான் சொன்னாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம், கூடப் படிக்கும் பிள்ளைகள் எழுந்து கைதட்டினார்களாம். வீட்டுக்கு வந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் காலேஜ் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல், "அத்தை, ஒண்ணு பாக்கணும்" என்று செல்போனை நீட்டினாள். யூடியூபில் ஒரு சேனல். திருப்பூரில் ஓர் அபூர்வ ரசிகர் என்று தலைப்பு. அதே ஏசி அறை, அதே வெள்ளைச் சட்டை. பேட்டி எடுக்கும் பையன், மறக்க முடியாத கச்சேரி எது சார் என்று கேட்கிறான்.

"பெங்களூருங்க" என்றார்.

முழுக்கக் கேட்டேன். மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறார். கொட்டும் மழை. அவர் உயிரையே வைத்திருக்கும் பாட்டு அடுத்து வரப்போகிறது. அப்போது, "யாரோ ஒரு புள்ளைங்க. பேருகூடத் தெரியாது. மயங்கி உழுகப் பாத்துது. கூட வந்த பையன் அதைய உட்டுப்போட்டுப் பாட்டுக் கேக்க முன்னால ஓடிப்போயிட்டானுங்க." இவர்தான் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப்போகிறார். தகர வரிசையில் நிற்கிறார். சிவப்புப் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு வாரில் கிட்டார் வாசிக்கிறார். "அழுகாதீங்க கண்ணு, இங்கிருந்து கேட்டாலும் அதே பாட்டுதானுங்க அப்படின்னேன்." கீழே நூற்றுக்கணக்கில் பாராட்டு. கடவுள் மாதிரி மனுஷன் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

என் அண்ணன் இடத்தில் அவர் நின்றுகொண்டார், சரி, திருடன் என்று தொலையட்டும். என் அண்ணனைத் தங்கச்சியை விட்டுவிட்டு ஓடினவனாக ஆக்கிவிட்டாரே. அந்தக் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது.

ஜெனி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க அத்தை. வீடியோவப் பாத்துட்டு உங்கப்பா கதைன்னு வந்து பேசினியான்னு கேக்கறாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, மெதுவாக, "நீங்க அந்த அங்கிள் யூனிட்டுக்குப் போவீங்கள்ல, நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப. அங்க கேட்ட கதையா அது?" என்றாள்.

நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும் என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மதினியைக் கூப்பிட்டுக் கேட்டேன். மதினி பாவம், "கல்யாணத்துக்கு முந்தி நடந்தது எனக்கு என்ன தெரியும்? பெங்களூரு போனேன்னு ஒருக்கா சொன்னாவ" என்றாள். அந்தக் காலத்தில் எங்களிடம் போட்டோ எடுக்க எதுவும் கிடையாது. டிக்கெட்டை யார் எடுத்து வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு நேராக அந்த மாடிக்குப் போனேன். இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. ரெக்கார்டு ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க கண்ணு, வாங்க. எத்தன வருசமாச்சுங்க" என்று எழுந்து நின்றார். மோர் வந்தது.

"எங்க அண்ணன் கதைய எதுக்கு எடுத்தீங்க?" என்றேன்.

தலை சாய்ந்தது. "நெம்ப வருத்தமுங்களா?"

"பெங்களூரயே பாத்ததில்லைன்னு இதே எடத்துல உக்காந்து உங்க வாயால சொன்னீங்க."

"அப்பிடியா சொன்னனுங்க?" நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "இல்லீங்களே. போனமுங்க. மழன்னா மழ. சட்ட நனஞ்சு ஒடம்போட ஒட்டிக்கிச்சு. இப்ப நெனச்சாலும் இந்த எடம் சில்லுங்குதுங்க" என்று இடது தோளைத் தடவினார்.

நடிக்கிறார் என்று தெரிந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் நடிக்கவில்லை. அந்தத் தோளில் உண்மையாகவே அவருக்கு ஈரம் தெரிந்தது. திருடினவன் திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். இந்த மனுஷனிடமிருந்து எதைப் பிடுங்குவது. "எங்க அண்ணன் என்னய விட்டுட்டு ஓடல. அதை மட்டுமாவது மாத்திச் சொல்லுங்க" என்று கேட்டேன். இவரிடம் போய்க் கெஞ்சுகிறேனே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

"ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி நடக்கக் கூடாதுங்களா கண்ணு? அந்தப் பையன் வேற ஆளா இருக்குமுங்க" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிறாராம். பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அதே பழைய குரலில் கேட்டார். "உங்கண்ணன் அன்னைக்கி என்ன சட்ட போட்டிருந்தாருங்க?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். மோரைத் தொடாமல் படி இறங்கிவிட்டேன்.

சாட்சி என்று எனக்கு மிச்சமிருந்தவர் பாய் மட்டும்தான். நான் அந்தக் கதையைச் சொன்ன அன்று அவர் அங்கே இருந்தார். அவர் பொய் சொல்ல மாட்டார் என்று திருப்பூருக்கே தெரியும். கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பாய்க்கு முகம் கறுத்துவிட்டது. "தகப்பன் இல்லாத புள்ள விஷயத்துல இது வேண்டாத வேலைங்க. நான் வந்து சொல்றேன்" என்றார். சொன்னபடி மறுநாள் சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பேரீச்சம்பழப் பாக்கெட்டுமாக வந்தார். ஜெனியை எதிரே உட்காரச் சொன்னார்.

"கண்ணு, அல்லா மேல ஆணையாச் சொல்றேன். இத முதல்ல சொன்னது உங்க அத்தைதான். நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன். அன்னைக்கி உங்கப்பாவோட நெனவுநாளு. அந்த மனுஷன் பெங்களூரே போனதில்ல."

ஜெனியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த வீடியோவைப் பார்த்ததற்குப் பிறகு முதல்முறையாக. எனக்குப் போன உயிர் திரும்பியது. பாய் அத்தோடு எழுந்து போயிருக்கலாம். நல்ல மனுஷன், பிள்ளை முகம் மலர்ந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கொடுக்க நினைத்தார்.

"உங்க அத்தை சொன்னது அப்படியே என் கண்ணுக்குள்ள இருக்கு. கொட்டுற மழ. உங்கப்பா தொப்பலா நனஞ்சுக்கிட்டு, அத்தை பை நனஞ்சிரக்கூடாதுன்னு தன் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு..."

"பாய், மழை இல்லீங்க" என்றேன்.

"இல்லீங்களா?" பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதானம்மா சொன்னீங்க? அவரு அங்க எத்தனையோ ஞாயித்துக்கெழம இத சொல்லியிருக்காரு. ஒவ்வொரு தடவையும் நான் அவர நெனக்கறதில்ல, உங்கண்ணனத்தான் நெனச்சுக்குவேன். மழையிலதான் நிக்கிறாரு உங்கண்ணன்." பாய்க்கு அதில் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆணையிட்டுச் சொன்ன அதே வாய்.

ஜெனி என்னைப் பார்க்கவில்லை. பேரீச்சம்பழப் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தநாள் ஒவ்வொன்றிலும் நான் சொன்ன கதையில் புழுதிதான் பறந்தது. மழை வீடியோவில்தான் இருந்தது. பாய்க்கு எதுவும் புரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு, அவள் தலையைத் தொட்டு, உங்கப்பா பெரிய மனசுக்காரர் என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார்.

இந்த ஊரில் யார் யாரோ எனக்குத் துரோகம் செய்திருக்கிறார்கள். எல்லாரையும் மறந்தாயிற்று. அவரை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது, முயற்சி செய்யவும் போவதில்லை. நிலத்தையோ நகையையோ எடுத்திருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பேன். ஜெனிக்கு அப்பா என்று இந்த உலகத்தில் இருந்ததெல்லாம் என் வாய்ச்சொல் மட்டும்தான். அவர் அந்தத் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டே அதை ஒன்றுக்கும் ஆகாததாக ஆக்கிவிட்டார்.

பாய் போன பிறகு ஜெனி டீ தம்ளர்களைக் கழுவினாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். கை வேலையை நிறுத்தாமல் பேசினாள். கோபம் இருந்திருந்தால் தேவலை, குரலில் அத்தனை பிரியம்.

"பரவால்ல அத்தை. அந்த அங்கிளுக்கு நடந்தத அப்பாவுக்கு நடந்ததாச் சொன்னீங்க. எனக்காகத்தான சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

இல்லை ஜெனி என்று ஆரம்பித்தேன். அவள் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா என்னைய வயித்து மேல படுக்க வச்சு, பாட்டுப் போட்டுத் தூங்க வைப்பாங்கன்னு சொல்லுவீங்கள்ல. அதாச்சும் நெசமா அத்தை?"